பழைய பெயரும் புதிய துப்பாக்கியும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த வேளையில் ஒரு விவாதம் எழுந்தது. நம் சங்கத்தில் விவாதம் எழுவது புதிதன்று; பொங்கல் விழாவுக்கு நாடகமா, பட்டிமன்றமா என்பதில் தொடங்கி, கப்பல் கட்டணம் வரையில் எதைப் பற்றியும் இரண்டு கட்சிகள் உண்டு. ஆனால் அன்றைய விவாதம் ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றியது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தாய்மார்கள்கூட நின்று கேட்டார்கள் என்பதுதான் வியப்பு.

தொடங்கி வைத்தவர் நமது பெரியவர், ஓய்வுபெற்ற சுபேதார். இருபத்தெட்டு ஆண்டுகள் படையில் இருந்தவர். அவருடைய துணைவியாரின் தமையன் மகன், இங்கேயே பாதுகாப்புப் படையில் பணிபுரியும் இளைஞர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “மாமா, நீங்கள் இடுப்பில் கட்டியிருந்த துப்பாக்கி இப்போது புதிய உருவில் வந்திருக்கிறது, பாருங்கள்” என்றார். சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “பெயர் அதுதான். ஆள் அது இல்லை” என்றார்.

அவ்வளவுதான்! கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முடிவு ஏற்படாமையால், “தம்பி, நீ எதையாவது படித்துக்கொண்டே இருப்பவன். இதைக் கொஞ்சம் விசாரித்து நம் பத்திரிகையில் எழுது” என்று சுபேதார் நம்மிடம் ஒப்படைத்தார்.

நாம் ரயில்வே குமாஸ்தா. தண்டவாளமே இல்லாத தீவில் உட்கார்ந்து, கப்பல் என்றைக்குச் சென்னை சேரும் என்று கணக்குப் பார்த்து, எழும்பூரிலிருந்து ஊருக்குச் செல்லும் ரயிலுக்கு இடம் பதிவு செய்து கொடுப்பது நம் தொழில். துப்பாக்கியைக் கையால் தொட்டவர் அல்லோம். ஆயினும் இந்த விஷயத்தை எழுதச் சம்மதித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நாம் முன்பு பணிபுரிந்த ஒரு ரயில் நிலையம். மற்றொன்று, நம் தமையனாரின் வலக்கை. இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்வோம்.

மணியாச்சியும் நம் சிறைச்சாலையும்

சுபேதார் குறிப்பிட்ட துப்பாக்கி பிரௌனிங் என்ற பெயருடையது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்னும் ஊரில் 1855-ல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் என்பவர், துப்பாக்கி செய்யும் தந்தையின் பட்டறையில் வளர்ந்து, உலகத்துப் படைகள் பலவற்றுக்கும் ஆயுதம் வகுத்துக் கொடுத்தவர். அவருடைய கைத்துப்பாக்கிகளில் பலவற்றைச் செய்து விற்றது பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எஃப்.என். என்ற தொழிற்சாலை. 1900-ஆம் ஆண்டு மாதிரி என்று வழங்கும் சிறிய துப்பாக்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. சட்டைப்பையில் அடங்குவது, ஏழு தோட்டாக்கள் கொள்வது. எளிதில் மறைத்து வைக்கலாம் என்பதால் காவலர்களும் வாங்கினார்கள். காவலர்களுக்கு அஞ்சியவர்களும் வாங்கினார்கள்.

இந்தியாவில் அந்தப் பெயர் பிரசித்தி அடைந்தது 1909-ஆம் ஆண்டில். லண்டனில் இருந்த சாவர்க்கர், இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து, நண்பர் ஒருவர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் நாசிக் நகரத்து நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்ஸன் சுடப்பட்டு இறந்தார். சுட்ட இளைஞர் கான்ஹரே தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வந்த வழியைத் தேடிய சர்க்கார் லண்டனில் சாவர்க்கரைப் பிடித்து, வழக்கு நடத்தி, இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்து இத்தீவுக்கு அனுப்பியது.

இதற்கிடையில் நம் தென்பாண்டி நாட்டிலும் ஒரு பிரௌனிங் வெடித்தது. 1911 ஜூன் 17-ஆம் நாள் காலையில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சிச் சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறிச் சுட்டார். பிறகு நடைமேடையிலிருந்த கழிப்பிடத்துக்குள் ஓடித் தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார். அச்செயலைப் பற்றியும், ஆஷ் துரையைப் பற்றியும் இன்று தமிழ்நாட்டில் பலவகை அபிப்பிராயங்கள் உள்ளன. அவ்வாதத்தில் நாம் புகவில்லை. அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது. அங்கே நாம் ஓராண்டு பணிபுரிந்தோம். வண்டி இல்லாத பகல்வேளையில் வெயில் காயும் அந்த நடைமேடையைப் பார்த்துக்கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் ஓர் இரும்புத் துண்டு எத்தனை குடும்பங்களின் தலைவிதியை மாற்றிவிட்டது என்று எண்ணியதுண்டு.

மணியாச்சிச் சம்பவத்துக்குப் பதினேழே நாட்கள் கழித்து, 1911 ஜூலை 4-ஆம் நாள், சாவர்க்கர் நம் செல்லுலார் சிறைக்குள் கொண்டுவரப்பட்டார். விருந்தினர் வந்தால் அச்சிறைச்சாலையைக் காட்ட அழைத்துப் போகாத தமிழ்க் குடும்பம் இங்கே உண்டா? ஏழு கரங்களில் எஞ்சிய மூன்று கரங்களைச் சுற்றிவரும்போது, பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கும் நாம் நிற்கும் அந்தக் கல்தரைக்கும் இருக்கும் தொடர்பைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். மூன்றாண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28-ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்குக் காரணமான துப்பாக்கியும் அதே தொழிற்சாலையின் பிரௌனிங்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சுபேதாரின் துப்பாக்கி பிறந்த கதை

சுபேதார் கட்டியிருந்தது அந்தச் சிறிய துப்பாக்கி அன்று, அதன் தம்பி. முதல் உலகப் போர் முடிந்தபின், பிரெஞ்சு ராணுவம் அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பிரௌனிங் அதை வகுக்கத் தொடங்கினார். வேலை முடியுமுன், 1926 நவம்பரில், பெல்ஜியத்துத் தொழிற்சாலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அங்கே பணிபுரிந்த சைவ் என்ற நிபுணர் அதைத் தொடர்ந்து செப்பனிட்டார். பிரௌனிங் தாமே முன்பு வேறு கம்பெனிக்கு விற்றுவிட்ட காப்புரிமைகள் சில இடையில் காலாவதி ஆனதால், அவற்றின் நல்ல அம்சங்களையும் சைவ் சேர்த்துக்கொண்டார். 1935-ல் பெல்ஜியப் படை அதை ஏற்றது. 9 மில்லிமீட்டர் தோட்டா; கைப்பிடிக்குள் செருகும் கூட்டில், இரண்டு வரிசையாக அடுக்கிய பதின்மூன்று தோட்டாக்கள். அக்காலத்துத் துப்பாக்கிகள் பல ஏழும் எட்டுமே கொண்டவை. ஆகவே இதற்குப் ‘பேராற்றல்’ என்று பொருள்படும் ஹை-பவர் என்ற பெயர் அமைந்தது. யாருக்காக வகுக்கத் தொடங்கினார்களோ அந்தப் பிரான்ஸ் மட்டும் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்து, அந்தத் தொழிற்சாலையிலேயே தங்களுக்கு ஹை-பவர் செய்துகொண்டனர். எதிர்த்தரப்பில், கனடாவில் டொராண்டோ நகரத்து இங்கிலிஸ் கம்பெனி அதே துப்பாக்கியைச் சீனாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் செய்து கொடுத்தது. பின்னாளில் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற கம்பெனி அது! ஒரே துப்பாக்கி இரு தரப்பு வீரர்களின் இடுப்பிலும் தொங்கிய விந்தை இவ்வாறு நிகழ்ந்தது. போருக்குப் பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் இதை ஏற்றன.

நம் நாட்டில் இங்கிலிஸ் மாதிரியைப் பின்பற்றி, கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் இதைச் செய்தார்கள். ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’ என்பது சர்க்கார் பெயர். சுபேதார் கையில் இருந்தது அதுவே. ராணுவ அதிகாரிகளும் போலீசாரும் பல்லாண்டுகள் நம்பியிருந்த கருவி இதுதான். இச்சாப்பூரும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் ஒரே அரசுக் கம்பெனியின் கீழ் வந்திருக்கின்றன என்பதைத் திருச்சி அன்பர்கள் அறிவார்கள்.

புதியவை மூன்று

மூல உற்பத்தியாளரான பெல்ஜியத் தொழிற்சாலை, ஹை-பவர் செய்வதை 2018-ல் நிறுத்திவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் செய்த பின்னர் வந்த ஓய்வு அது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் அந்தப் பெயருக்கு மறுபிறவி வந்தது, ஒன்றல்ல, மூன்று.

2021 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு கம்பெனி ‘எஸ்.ஏ.-35’ என்று ஒன்றை வெளியிட்டது. பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு குறைகளை மட்டும் திருத்தியது என்று இதைச் சொல்லலாம். பழைய துப்பாக்கியின் குறைகள் யாவை? குறிபார்க்கும் முனை மிகச் சிறியது. மங்கிய ஒளியில் தெரியாது. கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புக் கட்டை கடுகளவு, விறைப்பானது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடும்போது பின்னுக்கு வரும் சுத்தியல், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோலைக் கடித்துவிடும். சுபேதார் தம் கையை விரித்து அந்தத் தழும்பை நமக்குக் காட்டினார். எஸ்.ஏ.-35-ல் சுத்தியலின் வடிவை மாற்றி அக்கடியை ஒழித்தார்கள், பாதுகாப்புக் கட்டையைப் பெரிதாக்கினார்கள், குறிமுனையைத் தெளிவாக்கினார்கள், பதினைந்து தோட்டாக் கூடு கொடுத்தார்கள். பழைய கூடும் இதில் பொருந்தும். எடை ஏறத்தாழ பழையதைப் போலவே, சுமார் 900 கிராம். அறிமுக விலை ஏறக்குறைய 700 டாலர்.

துருக்கி நாட்டு கிர்சான் கம்பெனியின் ‘எம்.சி. பி-35’ இரண்டாவது. பழையதை நெருங்கிப் பின்பற்றிய பிரதி, விலையும் குறைவு.

மூன்றாவதுதான் விவாதத்துக்கு மூலகாரணம். 2022 ஜனவரியில் எஃப்.என். கம்பெனியே ‘ஹை பவர்’ என்ற பெயரில் புதிய துப்பாக்கி ஒன்றை அறிவித்தது. தோற்றம் பழையதை நினைவூட்டும். உள்ளே எல்லாம் வேறு. பதினேழு தோட்டாக்கள். இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் ஒருபோல் பயன்படுத்தத்தக்க பொத்தான்கள். எடை சுமார் 1,130 கிராம். அறிமுக விலை ஏறக்குறைய 1,270 டாலர். பழைய துப்பாக்கியின் உறுப்பு எதுவும் இதில் சேராது. தோட்டாக் கூடுகூடச் சேராது.

மூன்று கட்சிகள்

இவற்றைப் பற்றி உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியாளர்களும் ஆர்வலர்களும் சொல்லிவரும் அபிப்பிராயங்களைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று கட்சிகள் புலப்படுகின்றன.

முதற்கட்சி, பழையதே போதும் என்பது. கையில் எடுத்தவுடன் தானே குறியை நோக்கும் சமநிலை, மெல்லிய உடல், நேர்த்தியான வளைவு — இவை பிரௌனிங்கும் சைவும் கண்ட கணக்கு. அதைத் தொட்டால் கெடும் என்பது இவர்கள் வாதம்.

இரண்டாவது கட்சி, குறையை மட்டும் திருத்து, உடலைத் தொடாதே என்பது. இவர்கள் எஸ்.ஏ.-35-ஐப் புகழ்கிறார்கள். வீட்டுச் சுவரில் விரிசலை அடைப்பது போன்றது இது. வீட்டை இடிக்க வேண்டியதில்லை என்கிறார்கள்.

மூன்றாவது கட்சி நம் இளைஞரின் கட்சி. “மாமா, 1935-ல் வகுத்தவர்கள் இன்று இருந்தால் இன்றைய உலோகத்தையும் இயந்திரத்தையும் பயன்படுத்த மாட்டார்களா? பெயர் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். அவர்கள் எதற்கு வைத்தாலும் அது ஹை பவர்தானே?” என்று கேட்டார்.

சுபேதார் சிரித்துக்கொண்டு, “நம் போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். ஊர் பழையது, பெயர் புதிது. ஆனாலும் மழையும் கடலும் மேடு பள்ளமும் அப்படியே இருப்பதால் நமக்கு வழி தப்பவில்லை. இங்கே பெயர் பழையது, பொருள் புதிது. பெயரை நம்பிக் கைவைப்பவனுக்கு வழி தப்பும்” என்றார். கூட்டம் கைதட்டியது. ஆனால் கைதட்டலால் முடிவாகும் விஷயம் அன்று இது. ஏனெனில் புதியவற்றுள் இரண்டில் நீக்கப்பட்ட ஓர் உறுப்பைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. வீடுதேடிச் சென்று விசாரித்தபோதுதான் சுபேதார் அதைச் சொன்னார்.

ஒரு சிறிய பூட்டு

பழைய ஹை-பவரில் ஒரு பூட்டு உண்டு. தோட்டாக் கூட்டை வெளியே எடுத்துவிட்டால் விசை வேலை செய்யாது. துப்பாக்கியின் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் சுட முடியாது. பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்காகச் சேர்த்த அம்சம் என்பார்கள். எஸ்.ஏ.-35, எஃப்.என். புதியது ஆகிய இரண்டிலும் இந்தப் பூட்டு இல்லை.

நீக்கியவர்கள் காரணம் இல்லாமல் நீக்கவில்லை. இந்தப் பூட்டினால் விசை கனமாகவும் கரகரப்பாகவும் அமைகிறது. குறி சற்றே விலகுகிறது. சண்டையில் கூட்டை மாற்றும் கணத்தில் எதிரி வந்தால், அறையில் இருக்கும் ஒரு தோட்டாவையும் பயன்படுத்த வழி இல்லை. மேலும் ஒரு நுட்பமான ஆபத்தும் உண்டு. துப்பாக்கியைக் காலி செய்தபின் சுத்தியலை இறக்குவதற்கு, எடுத்த கூட்டை மறுபடியும் செருகித்தான் விசையை அழுத்த வேண்டும். செருகியது காலிக் கூடா, நிறைந்த கூடா என்று பாராதவன் கதி என்ன? இவ்வளவும் நியாயமான வாதங்கள். மறுப்பதற்கில்லை.

ஆனால் சுபேதார் சொன்னதைக் கேளுங்கள்.

“இரவு முழுதும் காவல் நின்று வந்த பையன், தம்பி. கண் சொருகுகிறது. துடைப்பதற்காகக் கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். அறைக்குள் ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிட்டான். எனக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல்சட்டத்தை இழுத்தபோது அந்தத் தோட்டா குதித்து மேசையில் உருண்டது. அவன் உட்கார்ந்து அழுதான். நான் அவனை அடிக்கவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.”

இதைக் கேட்டதும் நமக்கு ரயில்வேயின் டோக்கன் நினைவு வந்தது. நாம் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிளைப்பாதையில் அதைக் கண்டிருக்கிறோம். ஒற்றைத் தண்டவாளம்; இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி; ஒன்றோடொன்று மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் இந்த நிலையத்துக் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளிவரும். அப்பந்து கையில் இருந்தால்தான் எஞ்சின் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். பந்து வெளியே இருக்கும் வரையில் இரு பக்கமும் மற்றொரு பந்து வராது. அவசரக்காரர்களுக்கு அது பெரும் தொல்லை. ‘பாதை காலியாகத்தானே இருக்கிறது, எதற்கு இந்தச் சடங்கு?’ என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கருவி திறமைசாலிக்காக ஏற்பட்டதன்று. களைத்தவனுக்காக, மறந்தவனுக்காக, நள்ளிரவில் தூக்கம் கண்ணை அழுத்துபவனுக்காக ஏற்பட்டது.

இன்று பல பாதைகளில் அந்தப் பந்து போய்விட்டது. சக்கர அச்சுகளை எண்ணும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு வண்டி இருக்கும் பாதையில் மற்றொன்றை அனுமதியாதே என்ற தத்துவம் போகவில்லை. பழைய கருவியைத் தூக்கி எறிந்தோம்; அதன் புத்தியை எறியவில்லை. நவீனம் என்பதற்கு நாம் கண்ட இலக்கணம் இதுவே.

இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் நம் அபிப்பிராயம் இவ்வாறு அமைகிறது. சுத்தியலின் கடியை ஒழித்தது நன்று; குறிமுனையைத் தெளிவாக்கியது நன்று; இடக்கைக்காரரை நினைத்தது மிக நன்று. தோட்டாவின் எண்ணிக்கையைக் கூட்டியது படைக்குரிய விஷயம். நமக்கு அதில் கருத்தில்லை. பூட்டை நீக்கியதில் மட்டும் நம் மனம் ஒப்பவில்லை. பயிற்சி பெற்ற போர்வீரனுக்கு அது இடைஞ்சல் என்பது உண்மையாகலாம். அவ்வாறாயின் அதைவிட நல்ல பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இடைஞ்சல் என்று எடுத்துவிடுவது எளிது. அதைச் சீர்திருத்துவதே கடினம்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அன்று. நம் பெரியப்பா மலையடிவாரத்தில் காட்டுப் பன்றி விரட்டுவதற்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஒருநாள் அதை நெற்குதிரின் பின்னால் சாத்திவிட்டு, காலியாக இருக்கிறது என்ற எண்ணத்தில் தோட்டத்துக்குப் போனார். பன்னிரண்டு வயதான நம் தமையனார் அதன் வாய்ப்பக்கத்தைப் பற்றி இழுத்தார். இன்று அவர் வலக்கையில் மூன்று விரல்கள். கடையில் கணக்கு எழுதுவது இடக்கையால். பெரியப்பா இறக்கும் வரையில் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதை நாம் கண்டதில்லை. பெரியப்பா பொல்லாதவர் அல்லர், மறந்தவர். அவ்வளவே.

வீட்டுக்குள் வரலாமா?

சுபேதார் இந்த விவாதத்தை எழுப்பியதற்கு உட்காரணம் ஒன்று இருந்தது. அவர் வீடு ஊருக்கு வெளியே, பாக்குத் தோட்டத்தின் நடுவில். மகன் சென்னையில். உலர்த்திய பாக்கு இரண்டு முறை இரவில் களவு போயிற்று. ஆகவே கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று விண்ணப்பத் தாள் வாங்கி வைத்திருக்கிறார். நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்த எண்ணம் எழலாம் என்பதால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வோம்.

மேலே கூறிய 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள், பழையவை ஆனாலும் புதியவை ஆனாலும், சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி நமக்குக் கிடைக்கக்கூடியவை .32 அளவு போன்றவை. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் அத்தகையது. அதுவும் வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரின் வழிவந்த புதிய உருவமே. பெண்களின் தற்காப்புக்கென்று 2014-ல் கான்பூரிலிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’ என்பதும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. எடை 500 கிராம், அன்றைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். உரிமம் வேண்டுவோர் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு. கலியாண ஊர்வலத்தில் கொண்டாட்டமாகச் சுட்டால் சிறைத்தண்டனையும் உண்டு.

சட்டம் இவ்வாறிருக்க, வீட்டுக்கு உரியவர் சொன்னதையும் சொல்ல வேண்டும் அல்லவா? நாம் சென்றிருந்தபோது சுபேதாரின் துணைவியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “தம்பி, நீங்களாவது இவரிடம் சொல்லுங்கள். பாக்குப் போனால் போகட்டும். கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்தால் இந்த வீட்டில் அவர்கள் திறக்காத பெட்டி ஒன்று உண்டா? இவர் இருபத்தெட்டு ஆண்டு எங்கோ இருந்தார். இவருக்குத் துப்பாக்கி தெரியும். எனக்குப் பிள்ளைகளைத் தெரியும்” என்றார்.

சுபேதார் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “பூட்டு இருக்கிற துப்பாக்கியாக இருந்தால்…” என்று தொடங்கினார். அம்மையார், “பூட்டைப் போட மறந்தால்?” என்றார். துப்பாக்கியை வகுத்தவர்களும் திருத்தியவர்களும் நூறாண்டாக வாதாடிவரும் கேள்வியை, ஒருநாளும் அதைத் தொடாத அம்மையார் மூன்றே சொற்களில் கேட்டுவிட்டார்.

நாம் அவரிடம் நம் தமையனாரின் கையைப் பற்றிச் சொன்னோம். அதிகம் சொல்லவில்லை. தோட்டத்தைச் சுற்றி விளக்கு போடுவது, பாக்கை உலர்த்தும் நாட்களில் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து முறை வைத்துக் காவல் பார்ப்பது, நல்ல நாய் ஒன்று வளர்ப்பது ஆகிய யோசனைகளையும் கூறினோம். அப்பகுதியில் நம்மவர் குடும்பங்கள் நான்கு உள்ளன. ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த நாம், காவலுக்கு முதலில் நம்ப வேண்டியது அயலாரை அல்லவா?

சுபேதார் அந்த விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை, கிழித்தும் போடவில்லை. முறைக்காவல் மட்டும் தொடங்கிவிட்டது. சென்ற வாரம் சுபேதாரின் முறை. அந்த இளைஞரும் துணைக்குப் போயிருந்தார். நடுநிசியில் இருவரும் பந்தலில் உட்கார்ந்து, பழைய ஹை-பவர் உயர்ந்ததா, புதியது உயர்ந்ததா என்று உரத்து வாதாடிக் கொண்டிருந்தார்களாம். அந்தச் சத்தத்துக்கு எந்தத் திருடன் அருகில் வருவான் என்று அம்மையார் சிரித்தார்.

அன்பர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கலாம். துப்பாக்கியைப் பற்றி மட்டுமன்று, வீட்டில் அதற்கு இடம் உண்டா என்பதைப் பற்றியும். இரண்டாவது கேள்விக்குத் தாய்மார்கள் முதலில் பேச வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.